குளத்தில் நின்ற மூங்கில்

விடிந்து வெயில் ஏறுவதற்குள் குளக்கரையில் ஊரே கூடிவிட்டது. நடுக்குளத்தில் ஒரே ஒரு மூங்கில், தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்கு விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு மீன்கொத்தி.

தென்கரையில் பண்ணை ஆட்கள். வடகரையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். நடுவே படித்துறையில், லுங்கியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நான். அவிழ்ந்துவிடும் என்று அல்ல. கைக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது.

"மொதல்ல கம்பு, அப்பறம் கொடி, அதுக்கப்பறம் குடிசை! இவனுங்க வழக்கம் நமக்குத் தெரியாதா?" என்று கத்தினார் பண்ணைக் காரியஸ்தர்.

"கம்பு நட்டு அளவு புடிக்கிறது யாரு வழக்கம்? பொறம்போக்குக் குளத்தைப் பட்டாவுல சேக்கப் பாக்குறீங்களா?" என்று எதிர்க்கரையிலிருந்து கேட்டார் சங்கத்துத் தங்கராசு.

இரண்டுமே தப்பு. அந்த மூங்கிலை நட்டவன் நான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் வெள்ளை வேட்டி சட்டையில் என் பின்னால் நின்று, என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாக் கட்சிக்கும் வேண்டியவன்

குடவாசல் பக்கத்தில் பந்தல் குணா என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எதற்கும் பந்தல் போடுவேன். ஆளுங்கட்சி மேடைக்கும் எதிர்க்கட்சி மேடைக்கும் ஒரே மூங்கில்தான். சாக்குத் துணியின் மேல் சுற்றுகிற நிறத்தை மட்டும் மாற்றுவோம். பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்து, அதே கயிற்றோடு கொண்டுபோய் பண்ணைக்கு எதிரான கூலிப் போராட்டத்துக்கு மேடை கட்டியிருக்கிறேன். இரண்டு பேருமே என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படியே.

கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்த புதிது. எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நிலத்துக்கே தெரியாத காலம். மாட்டுக்கும் வேலைக்காரனுக்கும்கூடப் பட்டா இருப்பதாகப் பேச்சு. எங்கள் குளமும் அப்படித்தான் தாவாவில் இருந்தது. பண்ணை அதைத் தன்னுடையது என்றது. சங்கம் புறம்போக்கு என்றது. தாவா தீரும்வரை அதில் யாரும் ஒரு குச்சிகூட நடக் கூடாது என்பது வாய்வழி ஒப்பந்தம்.

மூங்கில் ஊறப்போட எனக்கு மட்டும் இரு தரப்பும் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஊறப்போடுவது வேறு, நடுவது வேறு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புது மூங்கிலை வந்த கையோடு பந்தலில் ஏற்றினால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மணமகள் தலையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆற்றிலோ குளத்திலோ சில வாரம் ஊறப்போட்டு எடுப்போம். தண்ணீர் நாறும். மூங்கில் தேறும். எங்கள் ஊர் ஆட்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி. மலையில் மூங்கில் வெட்டி அனுப்புகிறவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

பச்சைக் கோடு

அந்த ஆடியில் தலைவர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. மேடை என் பொறுப்பு. மூங்கிலைத் தானே இறக்கித் தருவதாகச் சொன்னார் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். அவர் பெயரை வீட்டில்கூட யாரும் சொல்வதில்லை. ஒன்றியம் என்றால் அவர்தான்.

ஒன்றியத்துக்கு ஒரு மனக்குறை இருந்தது. மன்னார்குடிக்காரர் ஒருவர் போன கூட்டத்தில் தலைவருக்கு வெள்ளி வாள் கொடுத்துப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. "நான் குடுக்கப்போற செங்கோலை எந்தப் பயலும் குடுத்திருக்க மாட்டான், தம்பி. பாத்துக்கிட்டே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். தங்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து லாரி வந்தது. இங்கிருந்து வைக்கோல் ஏற்றிப் போகிற லாரி, திரும்பும்போது மூங்கில் கொண்டுவரும். ஓட்டுநர் பழனிச்சாமி. குறைவாகப் பேசுவார், டீயை மட்டும் நிறையக் குடிப்பார்.

"பாரமெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. டெப்போவுல அவிங்களே கட்டி ஏத்திப்போட்டாங்க" என்றார்.

இறக்கும்போது ஒன்றியம் நேரில் வந்து நின்றார். அடிப்பக்கம் பச்சைப் பெயின்டால் கோடு போட்ட ஒரு மூங்கிலைக் காட்டி, "இதை மட்டும் ஊறப்போடாத. வீட்டு வாசல்ல கொடிக்கம்பம் நடணும். தனியா அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் புத்தி தெரியும். யாராவது ஒரு பொருளைத் தனியாகக் கேட்டால் அது நல்ல பொருள் என்று எனக்குத் தோன்றிவிடும். பருத்த, நேரான மூங்கில். இவ்வளவு நல்ல மூங்கில் கொடிக்கம்பத்துக்கு எதற்கு? மாட்டுக்கொட்டகை விட்டத்துக்கு ஒதுக்குகிறார் மனிதர் என்று முடிவுகட்டினேன். வேறொரு மூங்கிலில் நானே பச்சைக் கோடு இழுத்து அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருடையதைக் குளத்தில் தள்ளினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

கொம்பன் இல்லாத காடு

இறக்கி முடித்த பிறகு பழனிச்சாமி கொல்லையில் உட்கார்ந்து டீ குடித்தார். என் மனைவி வசந்தா அவரிடம் யானை பார்த்ததுண்டா என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் யானை என்றால் கோயில் யானைதான். நெற்றியில் கோலம், காலில் சங்கிலி, தலையில் துதிக்கை வைத்தால் ஆசீர்வாதம். காட்டில் அதற்குச் சொந்த வேலை ஏதும் இருக்கும் என்று நாங்கள் யோசித்ததில்லை. அதன் உடம்பில் எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நன்றாகத் தெரியும். மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இரண்டு தந்தம் சாய்த்து வைத்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கு யானைமுடி மோதிரம் போடுவார்கள்.

எனக்கே போட்டார்கள். மாப்பிள்ளை பல்லி விழுந்தால் அலறுகிறார் என்று நிச்சயத்தன்றே தெரிந்துவிட்டதால், பயம் தெளிய மாமியார் எங்கோ சொல்லிவைத்து வாங்கியது. முடி எந்த யானையின் வாலிலிருந்து வந்தது, அந்த யானை அப்போது நின்றுகொண்டிருந்ததா, விழுந்துகிடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பயம் போகவில்லை. பயப்படும்போது கையில் மோதிரம் மின்னியது, அவ்வளவுதான்.

பழனிச்சாமி சொன்னார்: "ரோட்டுல ஆனை நின்னா நாங்க இஞ்சினை அமத்திப்போட்டு உக்காந்துக்குவமுங்க. அதா போனாத்தான் வண்டி. இப்பெல்லாம் பொட்டையும் குட்டியுமாத்தான் வருதுங்க. கொம்பன் கண்ணுலயே படறதில்லீங்க."

"கொம்பன்னா?" என்றாள் வசந்தா.

"தந்தம் வெச்ச ஆணுங்க. எங்கப்பன் வண்டி ஓட்டறப்ப ஒரு கூட்டத்துக்கு ரெண்டு, மூணு நிக்குமாமா. எல்லாத்தையும் சுட்டுப்போட்டாங்க. இப்ப ஒரே ஒரு எளவட்டம் எங்க செக்போஸ்ட்டுப் பக்கம் வந்துட்டிருந்துச்சுங்க. கொம்பு இப்பத்தான் இவ்வளவு..." முழங்கையிலிருந்து விரல்நுனிவரை காட்டினார். "டீக்கடைக்காரரு அதுக்கு மாப்பிள்ளைன்னே பேரு வெச்சிருந்தாரு."

"இப்ப?"

"ஆனி பொறந்ததுலருந்து காணமுங்க." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

தலை சாய்ந்த மூங்கில்

சில நாள் கழித்து, ஆட்கள் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரம். குளத்தைப் பார்க்கப் போனேன். எல்லா மூங்கிலும் படுத்துக்கிடந்தன. பச்சைக் கோடு மட்டும் அடிப்பக்கத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஒரு மாதிரி குத்துக்காலிட்டு மிதந்தது. என் வாழ்க்கையில் மூங்கில் அப்படி மிதந்து நான் பார்த்ததில்லை.

இறங்கி அடிப்பக்கத்தைத் தூக்கினேன். கனத்தது. வாயில் அடைத்திருந்த களிமண் கரைந்து வழிந்தது. உள்ளே கணுவையெல்லாம் இடித்து எடுத்திருந்தார்கள். விரலை விட்டால் மரத்தூளும் கந்தல் துணியும். துணியை இழுத்ததும் ஒரு வாடை வந்தது. கறிக்கடை வாசலில் யாரோ கற்பூரம் கொளுத்தியது மாதிரி. துணிக்குள் கட்டை கட்டையாக அறுத்த ஏதோ ஒன்று. அது வெள்ளையாக இல்லை, பழைய பல்லின் நிறம். ஒரு துண்டின் ஓரத்தில் காய்ந்த சதை ஒட்டியிருந்தது.

தந்தம். யாரும் கொடுக்காத செங்கோல் எது என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம். ஒன்றியத்தின் வண்டி இருமிக்கொண்டே வரும், தெரு முழுக்கத் தெரியும். நான் புத்திசாலியாக இருந்திருந்தால் கரையேறியிருப்பேன். அந்த மூங்கிலின் வாயில் கையில் கிடைத்த சேற்றை அடைத்து, அதை நட்டக்குத்தலாகக் குளத்துச் சேற்றில் முழு பலத்தோடு சொருகினேன். அடி தெரியக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றிய யோசனை. நுனி ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கும் என்பது அந்த யோசனையில் வரவே இல்லை.

ஒன்றியம் கரையில் நின்றார். நான் கழுத்தளவு தண்ணீரில், மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, குளியலா?"

"ஆமாண்ணே. புழுக்கம்."

"சட்டையோடயா?"

"சட்டைக்கும் புழுக்கமா இருந்துச்சுண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "நீ அனுப்புன மூங்கில் அந்த மூங்கில்தானா?"

"பச்சைக் கோடு போட்டதுண்ணே."

"கோடு இருக்கு. தொட்டா கையில ஒட்டுதே?"

"ஆடி மாச ஈரக் காத்துண்ணே. பெயின்ட்டு சட்டுனு காயாது."

என் பக்கத்திலிருந்த மூங்கிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு என் மேல் சந்தேகம். சந்தேகம் என்று சொன்னால் எதை என்று சொல்ல வேண்டிவரும். அதனால், "உடம்பைப் பாத்துக்க. சளி புடிச்சுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைப் போல மிரட்டலான அக்கறையை நான் கேட்டதில்லை.

இருட்டியதும் வந்து எடுத்துவிடலாம் என்று வீட்டில் படுத்தேன். பயத்தில் தூக்கமே வராது என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன்.

யார் பிடுங்குவது?

ஆக, விடிந்ததும் அந்தக் கூட்டம். குடவாசலிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார், இரண்டு போலீஸ்காரர்களோடு. "ஒரு மூங்கிலுக்கா இவ்வளவு? பிடுங்கிப் போடுங்கய்யா" என்றார்.

யாரும் அசையவில்லை. பிடுங்குகிறவன்தான் நட்டவன் என்று ஆகிவிடும் அல்லவா? பண்ணைக்காரர்கள் சங்கத்தைப் பார்த்தார்கள். சங்கத்துக்காரர்கள் பண்ணையைப் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"பந்தக்காரர் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு. அவரு எறங்கட்டும்" என்றார் தங்கராசு. காரியஸ்தரும் தலையாட்டினார். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பிடரியில் ஒன்றியத்தின் குரல். "வரலைன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இறங்கினேன். மூங்கிலைக் கட்டிப்பிடித்து, முக்கினேன், முனகினேன், பல்லைக் கடித்தேன். ஒரு அங்குலம் நகராமல் பார்த்துக்கொள்வதற்கு நான் பட்ட பாடு, உண்மையிலேயே பிடுங்குவதைவிடப் பெரிய பாடு. "வரலை சார், வேர் விட்டுருச்சு போலருக்கு" என்றேன்.

கரையில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே அடுத்த பாரத்தோடு லாரி வந்து நின்றது. பழனிச்சாமி எட்டிப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், "நவுருங்க, நான் இழுக்கறனுங்க" என்று தொபுக்கென்று குதித்துவிட்டார். நல்ல மனுஷன். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரே இழுப்பு. மூங்கிலைத் தோளில் போட்டுப் படித்துறைக்கு இழுத்து வந்தார். அடி மேலே ஏறியதும் சேறு வழிந்தது, துணி வழிந்தது, பின்னாலேயே அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சறுக்கிவந்து கல்லில் மோதின.

இரண்டு கரையிலும் ஆட்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"எங்களுக்கும் இந்தக் கம்புக்கும் சம்பந்தமில்லை" என்றார் காரியஸ்தர்.

"எங்களுக்கும்தான்" என்றார் தங்கராசு.

"லாரிக்காரன்!" ஒன்றியத்தின் குரல் கூட்டத்தைத் தாண்டிக் கேட்டது. "மேக்கேருந்து கடத்திட்டு வந்து நம்ம குளத்துல ஒளிச்சு வெச்சிருக்கான். இல்லைன்னா இப்படிப் பாஞ்சு குதிப்பானா? புடிங்க சார் அவனை!"

இரு கரையும் ஆமாம் ஆமாம் என்றது. வெளியூர்க்காரன் என்றால் எல்லோருக்கும் வசதி. போலீஸ்காரர் பழனிச்சாமியின் கையைப் பிடித்து முறுக்கினார். அவர் திமிறவில்லை. கீழே கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கரையில் நின்ற வசந்தா என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு வேடிக்கை பேசித் தப்பித்திருப்பேன்.

"சார்," என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "அதை நட்டது நான், சார்."

"நீயா? எதுக்கு?"

"பயத்துல சார்."

"பயத்துல மூங்கில் நடுவாங்களா?"

"எனக்கு அப்படித்தான் வருது சார்."

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மூங்கில் யாருது?"

தண்ணீரிலிருந்து படித்துறைக்கு ஏறினேன். பச்சைக் கோட்டைக் காட்டினேன். கொடிக்கம்பத்துக்கென்று தனியாகக் கேட்டதையும், நான் மாற்றி அனுப்பியதையும் சொன்னேன்.

"பொய்! எங்க வீட்டுக்கு வந்தது வெறும் மூங்கில்!" என்று பாய்ந்தார் ஒன்றியம்.

"வெறும் மூங்கில்தான் சார். போய்ப் பாருங்க, அவங்க வாசல்ல அதைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்க. நட்டிருந்தா நான் சொல்றது பொய். கொடிக்கம்பத்தை யாராவது உள்ள என்ன இருக்குன்னு கிழிச்சுப் பாப்பாங்களா சார்?"

இது நான் யோசித்துப் பேசியதல்ல. தூக்கிப்போட்டால் பூனை காலில் விழுகிற மாதிரி வாயிலிருந்து விழுந்தது. ஒன்றியத்தின் வீடு அடுத்த தெருதான். போன போலீஸ்காரர் இரண்டு பிளவு மூங்கிலோடு திரும்பி வந்தார். அவர் உள்ளங்கை பச்சையாக இருந்தது.

இன்னொன்று

பழனிச்சாமியின் கையை விட்டார்கள். வழக்கு, வனத்துறை, கோர்ட்டு எல்லாம் அதன் வேகத்தில் நடந்தன. ஒன்றியம் ஒன்றியமாகவே இருந்தார். கட்சியை மட்டும் மாற்றிக்கொண்டார். எனக்குப் பல வருஷம் எந்தக் கட்சியும் மேடை கொடுக்கவில்லை. கருமாதிப் பந்தலிலேயே காலம் ஓடியது.

ஆனால் அன்றைய பகல் அதோடு முடியவில்லை.

விடுபட்ட பழனிச்சாமி படித்துறையில் குந்தி உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், அந்தத் துண்டுகளை வெட்டுவாய்க்கு வெட்டுவாய் சேர்த்து வரிசையாக வைத்தார். ஒரு சின்ன வளைவு வந்தது. மாப்பிள்ளையின் கொம்பைக் காட்டிய அதே முழங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; அளவு சரியாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

வசந்தாதான் கேட்டாள்: "ஜோடியாத்தானே இருக்கும்? இன்னொண்ணு எங்க?"

எழுதிக்கொண்டிருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். எல்லோரும் ஒன்றியத்தைப் பார்த்தோம். அவர் முகத்தில் உண்மையான திகைப்பு. அவர் கேட்டது ஒன்றுதான் போலிருக்கிறது. அப்படியானால் மற்றது வேறு யாரோ ஒருவர் கேட்டது.

பிறகு நடந்ததை இப்போது சொன்னாலும் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். பண்ணை ஆட்களும் சங்கத்து ஆட்களும் ஒன்றாகக் குளத்தில் இறங்கினார்கள். கிடந்த மூங்கில் அத்தனையையும் இழுத்துக் கரையில் போட்டோம். லாரியில் வந்த புதுப் பாரத்தையும் இறக்கினோம். ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒரே சத்தம். வெறும் காற்று.

வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கரை காலியானது. பழனிச்சாமி மட்டும் ஒரு கழியை வைத்துக்கொண்டு, தட்டி முடித்த மூங்கில்களை முதலிலிருந்து மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தார்.